தண்ணீரை வழியனுப்பப் போன செக்-அவுட் அண்ணாச்சி

அன்றைக்கு ஆற்றுவாயில் கையை விட்டது நானா, என் மகளா? வருடம் ஒன்றாகப் போகிறது. சமைக்கும்போது யோசித்திருக்கிறேன். பள்ளி வேனுக்காகத் தெருமுனையில் நிற்கும்போது யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவர்தான். அவரிடம் கேட்டதற்கு, "பாத்தேன் தாயி. ஆனா கெஸ்ட் விஷயத்தை வெளிய சொல்லுத பழக்கம் நமக்குக் கிடையாது" என்றார். அந்த கெஸ்ட்டே நான்தானே அண்ணாச்சி என்றேன். "அதுக்குத்தான் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போகிற எதுவும் முழுசாகப் போவதில்லை, எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும் என்று மனதார நம்புகிற ஒரே மனிதர் தென்காசியில் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் செக்-அவுட் அண்ணாச்சி.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். சாரல் விழும் மாதங்களில் அங்கே வரவேற்பறை நாற்காலியில்கூட ஆள் படுத்திருக்கும். மற்ற மாதங்களில் குரங்குகளைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தங்கியிருந்த பார்ட்டி ரூமைக் காலி செய்தால் அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் கதவின் பின்பக்கக் கொக்கியில், தலையணை உறைக்குள், ஜன்னல் விளிம்பில் என்று ஒரு சுற்று. பிறகு வெளியே வந்து, "எல்லாம் எடுத்தாச்சு. போயிட்டு வாங்க" என்பார். இத்தனை வருடம் இதையே செய்ததில் அந்தப் பழக்கம் லாட்ஜோடு நிற்காமல் டவுன் பஸ் ஏறித் தென்காசிக்கும் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குக் காரில் ஏறினாள். அம்மா அழுகிறாள், பெண் அழுகிறாள், மாப்பிள்ளை எதற்கும் இருக்கட்டும் என்று முகத்தைச் சோகமாக வைத்திருக்கிறார். அண்ணாச்சி கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "சார்ஜர் எடுத்தாச்சா?" என்றார். பெண் அழுகையை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்குள் ஓடினாள். சார்ஜர் பூஜை அறை பிளக்கில் இருந்தது.

அதையாவது சிரித்துவிட்டு விட்டுவிடலாம். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது சங்கு ஊதி, பாடையைத் தூக்கி, தெருவில் இறக்கியும் ஆகிவிட்டது. அண்ணாச்சி மட்டும் அவர் படுத்திருந்த அறைக்குள் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, கையில் மூக்குக் கண்ணாடியோடு வெளியே வந்தார். "கண்ணாடிய விட்டுட்டுப் போறாவளே. இது இல்லாம அவியளுக்குப் பஸ் போர்டுகூடத் தெரியாதே" என்றார். கடைசியில் அந்த வீட்டு மருமகள் அதை வாங்கித் துடைத்து மாமனாருக்கு மாட்டிவிட்டாள். அதன்பிறகு அவர் முகம், எங்கே போகிறோம் என்று தெரிந்தவருடைய முகமாக இருந்தது.

லாட்ஜில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை இருக்கிறது. விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போனது எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது. ஒற்றைச் செருப்புகள், ஈரிழைத் துண்டுகள், பாதி தீர்ந்த எண்ணெய் பாட்டில்கள், ஒரு சவுரிமுடி, ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி நடந்து போனார் என்று கேட்டேன். "அருவியில குளிச்சாருல்லா" என்றார். எதையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. "எடுக்க வருவாங்க" என்பதுதான் ஒரே பேச்சு. வரவும் செய்வார்கள். ஒருமுறை மதுரைக்காரர் ஒருவர் பல்செட்டைத் தேடி வந்தார். அண்ணாச்சி எவர்சில்வர் தட்டில் நாலைந்து பல்செட்டை வரிசையாக வைத்து அவர் முன்னால் நீட்டினார். "எது சேருதுன்னு போட்டுப் பாருங்க."

இந்த மனிதரை நம்பித்தான் என் ஒரே மகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எம்.எஸ்சி. படித்தவள். அதனால் பயப்படுவதற்கு மற்றவர்களைவிட எனக்கு விஷயங்கள் அதிகம் தெரியும். மகள் தாரணி அப்போது யு.கே.ஜி. ஐந்தருவி எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான் என்றாலும் அவள் தலையில் அருவி விழுந்ததே இல்லை. அருவித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து, காய்ச்சி, ஆறவைத்து அவளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். தெருவைக் கடக்க, படி இறங்க, கோயில் சுற்ற, எல்லாவற்றுக்கும் என் கை உண்டு. ஒரு நாள் பள்ளியில் அவளுடைய மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சறுக்குல ஏறுதா மேடம். உச்சிக்குப் போயிட்டு, அம்மாகிட்ட கேட்டுட்டு வாரேன்னு திரும்பிப் படி வழியா இறங்கிருதா. டிபன் பாக்ஸத் திறக்கவும் அம்மாகிட்ட கேக்கணுங்கா. அடுத்த வருசம் ஒண்ணாங் கிளாஸ். கொஞ்சம் கையை விட்டுப் பாருங்க."

வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன், அவள் கையைப் பிடித்தபடியே. விடுவது என்றால் எங்கே விடுவது, எவ்வளவு நேரம் விடுவது? காய்ச்சலுக்கு மருந்து இத்தனை மில்லி என்று பாட்டிலில் போட்டிருக்கிறான். இதற்கு எதிலும் போடவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். சுரண்டையில் உரக்கடையில் கணக்குப் பார்க்கிறவர் அவர். "மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் என்ன சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அந்த வாரம்தான் அண்ணாச்சி தன் வருடாந்திரப் பயணத்துக்கு வீடு வீடாக ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். தை பிறந்து, பொங்கல் கழிந்த சனிக்கிழமை. தண்ணீரை வழியனுப்பும் பயணம்.

"சீசன் பூரா நமக்குச் சோறு போட்ட பார்ட்டிலா அது. மலையில இருந்து வந்து, நம்ம ஊருல தங்கி, நம்ம தலையில விழுந்து, சிற்றாத்து வழியா போவுது. தாமிரபரணியில சேந்து புன்னைக்காயல்ல கடலுக்குள்ள இறங்குது. வாசல் வரைக்கும் போய் அனுப்பி வைக்காண்டாமா?"

எங்கள் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்கா யாரையும் விடமாட்டார். "அண்ணாச்சி, சிற்றாத்துத் தண்ணி பாதி குளத்துலயே நின்னுருது. மீதி வயக்காட்டுக்குப் போயிருது. ஆனி மாசம் விழுந்த தண்ணி தை மாசமா போய்ச் சேருது?"

"வழியில சொந்தக்காரங்க வீட்டுல தங்கி மெதுவாத்தான் போவும். நீ ராயகிரிக்கு உங்க அம்மா வீட்டுக்குப் போனா ஒரே நாள்லயா திரும்புத?"

பதிலுக்கு அக்கா பயணத்துக்குத் தன் பேரையும் கொடுத்துவிட்டார். நானும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கப் போய், பாதி வழியில் வெட்கப்பட்டு வந்துவிட்டேன்.

வேன் நிறைய ஆட்கள். எங்களோடு ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவரும் வந்தார். பல சீசன் மெயின் அருவியில் டூட்டி பார்த்தவர். தண்ணீர் கூடினால் விசில் ஊதிக் கூட்டத்தை மேலே ஏற்றுவதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விசில் கழுத்தில்தான் கிடக்கிறது.

புன்னைக்காயல் ஊரைத் தாண்டி, உப்பளம் தாண்டி இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்ததும் ஆற்றுவாய் தெரிந்தது.

எங்கள் ஊரில் யானைப்பாலத்தில் பஸ் போகும்போது சிற்றாற்றை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது இங்கே தன்னைச் சேர்த்துக்கொண்ட ஆற்றோடு ஒரு ஊர் அகலத்துக்கு விரிந்து படுத்திருந்தது. தண்ணீர் என்றால் சத்தம் போட்டு விழும் என்று பழகியவர்கள் நாங்கள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. பழுப்பும் நீலமும் தூரத்தில் ஒரு கோட்டில் சந்தித்தன. அந்தக் கோடு வளைந்தது, நெளிந்தது, ஆனால் கலையவில்லை. அதற்கு அப்பால் கண் எட்டுகிற வரை கடல். ஏட்டையா தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். என் நெஞ்சுக்குள் எதுவோ அகலமானது போல இருந்தது. அப்படி ஒரு இடத்தில் நிற்பதற்கு நான் உடுத்தியிருந்த புடவை போதாது என்றுகூடத் தோன்றியது.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார். லாட்ஜ் வாசலில் சொல்வதைப் போலவே சொன்னார். "எல்லாம் எடுத்தாச்சா? போயிட்டு வாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நடை. ஆற்றின் ஒரு கிளையைக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கடந்தால், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. அதன் முனை வரை போய்ப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பிக் கரையேறி, மணல்மேடுகள் வழியாகத் திருச்செந்தூர் வரை கடலோரமாக நடப்பது அண்ணாச்சியின் திட்டம். திட்டில் காற்று மணலை வரி வரியாக வாரி வைத்திருந்தது. அடும்பங்கொடி ஊதாப் பூக்களோடு அதன்மேல் ஓடியிருந்தது. ராவணன் மீசை என்று சொல்லும் முள்ளுருண்டைகள் காற்றில் குதித்துக் குதித்து எங்களை முந்திப் போயின. தாரணி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொன்றையும் துரத்தினாள். கூடவே நானும், கையைப் பிடித்தபடி.

அண்ணாச்சி குனிந்த தலை நிமிராமல் வந்தார். ஒரு ஷாம்பு உறையைப் பொறுக்கினார். "நம்ம ஊரு பார்ட்டிதான்." ஒரு எண்ணெய் பாட்டில். "இதுவும் நம்ம பார்ட்டி."

"ஒலகத்துல வேற யாருமே தலைக்குக் குளிக்கலயாக்கும்" என்றார் பார்லர் அக்கா.

திரும்பி வந்தபோது, வரும்போது கணுக்காலை நனைத்த தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. ஓடவும் செய்தது. முதலில் பார்த்தவர் ஏட்டையா. விசிலை எடுத்து ஊதினார். நாங்கள் எல்லோரும், தென்காசிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், ஒரே நேரத்தில் திரும்பி மேற்கே பார்த்தோம். தண்ணீர் கூடினால் எங்களுக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

"மலையில மழை" என்றார் ஏட்டையா.

"மெயின் அருவியில நாம பாக்காததா?" என்றார் அண்ணாச்சி. "அரை மணி நேரத்துல இறங்கிரும். எல்லாரும் மேட்டுல ஏறி ஒதுங்கி நில்லுங்க. பிள்ளையளப் பிடிச்சுக்கிடுங்க."

கீழ்ப்படிந்து மேட்டில் ஏறி நின்றோம். தண்ணீர் இறங்கவில்லை. ஏட்டையா குற்றாலத்துக்குப் போன் போட்டார். "ஏ, அங்கன மழையாடே?" போனில் வந்த பதில் எங்களுக்கே கேட்டது. "இங்க வெயிலு மண்டையப் பொளக்கு." போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, "அப்ப கேரளாப் பக்கம் பெய்யும்" என்றார். அதையும் நம்பினோம்.

தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மேடு சிறுத்துக்கொண்டே போனது. வரும் வழியில் நாங்கள் வைத்த காலடிகள் ஒன்றொன்றாக மறைந்தன. எம்.எஸ்சி.யில் படித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. "வலிக்கும்மா" என்றாள் தாரணி. அப்போதுதான் அவள் கையை எவ்வளவு இறுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஒரு வள்ளம் அந்தப் பக்கமாக வந்தது. ஓட்டி வந்த ஆள் கம்பை ஊன்றி நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"என்னண்ணாச்சி, மேட்டுல கூட்டம்? சாமி கும்பிடுதீயளோ?"

"வெள்ளம் இறங்கட்டும்னு நிக்கோம்."

"எந்த வெள்ளம்?"

"மலையில மழைல்லா."

அவர் கம்பைப் பிடித்தபடியே வள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரமானது. "எந்த ஊருக்காரவ நீங்க? கடலு ஏறுது அண்ணாச்சி. தினமும் ஏறும், தினமும் வத்தும். இனி இறங்கணும்னா பொழுது சாயணும். அதுவரைக்கும் மேடு இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

ஏட்டையா விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வள்ளம் சின்னது. ஒரு நடைக்கு ஏழெட்டுப் பேர்தான் ஏறலாம். அண்ணாச்சி அந்த நிமிடமே மேனேஜராகிவிட்டார். "பிள்ளையளும் முடியாதவியளும் மொதல்ல. அடுத்தது பொம்பளைய. மத்தவங்க பொறவு. நான் கடைசி. மேனேஜர் கடைசியாத்தான் ரூமைப் பூட்டணும்." தாரணியைத் தூக்கி வள்ளத்தில் உட்கார வைத்தார். மூட்டுவலிக்காரர் என்று பார்லர் அக்காவும் ஏறிக்கொண்டார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று, வள்ளத்து விளிம்புக்கு மேலாகத் தாரணியின் கையைப் பிடித்திருந்தேன். இடம் நிறைந்துவிட்டது.

"எம்மா, ஒண்ணு நீங்க ஏறணும், இல்ல கைய விடணும்" என்றார் வள்ளக்காரர். "ரெண்டும் இல்லாம நின்னா எப்படி?"

அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றிருந்தார். வள்ளம் நகர்ந்தது. என் கை காலியாக இருந்தது.

நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குத் தெரியாதது.

அவள் திரும்பிப் பார்த்து அழுவாள், உடனே குதித்து நீந்திவிடலாம் என்று தயாராக நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது. அவள் திரும்பவே இல்லை. அத்தனை அகலத்தின் நடுவில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னத் தலை மட்டும் தெரிந்தது. அது குனிந்தது. நான் பிடித்திருந்த அதே கையை வெளியே நீட்டித் தண்ணீரில் விட்டாள். வள்ளம் போகப் போக, எத்தனையோ மலைகளில் விழுந்து எத்தனையோ ஊர்களைக் கடந்து வந்த தண்ணீர் அவள் விரல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் தானாக இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை. எதிரே இருந்த மணல்மேட்டில் கையும் காலும் ஊன்றி ஏறி, உச்சியில் நின்று கடலைப் பார்த்தாள். அங்கிருந்து அவள் என்னிடம் கேட்டுவிட்டு வரத் திரும்பி இறங்கவில்லை.

அடுத்த நடையில் நான் போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்க மேட்டில் ஏறிக் கையை நீட்டினேன். "இரும்மா" என்றாள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அலைகள் வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு நேரமும் நான் பயந்துகொண்டிருந்த ஒன்றை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கடைசி நடை. ஏட்டையா எல்லாம் ஏறியாயிற்று. அண்ணாச்சி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிச்சம் இருந்த திட்டைக் குனிந்தபடி சுற்றி வந்துகொண்டிருந்தார். தண்ணீர் அவர் முழங்காலில் மோதியது.

"வே அண்ணாச்சி, என்னத்தத் தேடுதீரு?" என்று வள்ளக்காரர் கத்தியது எங்கள் மேடு வரை கேட்டது.

"ரூமை செக் பண்ணாம எப்படிவே சாவியக் குடுக்க?"

கடைசியில் வள்ளக்காரர் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கரை இறங்கியதும் அண்ணாச்சி மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு டிபன் மூடி. பார்லர் அக்காவின் கொண்டை ஊசி. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஒற்றைச் செருப்பு, தாரணியுடையது.

"ஜோடி கிடைக்கலயே பாப்பா. வேற எதையும் அங்கன விட்டுட்டு வந்தியா?"

"அம்மாவ விட்டுட்டு வந்தேன் தாத்தா. இப்ப வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அதற்குப் பிறகு திருச்செந்தூர்க் கோபுரம் கடலோரத்தில் விரல் உயரத்துக்குத் தெரியத் தொடங்கும் வரை நடந்தோம். அவள் வெறுங்காலோடு முன்னால் போனாள். ஈர மணலில் அவள் கால் வைத்த இடமெல்லாம் ஒரு நொடி வெளுத்து மறுபடி கறுத்தது. நான் பின்னால் நடந்தேன். வெறும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது தாரணி ஒன்றாம் வகுப்பு. சறுக்கில் இறங்குகிறாள். தலைகீழாகவும் இறங்குகிறாள் என்று புது மிஸ் புகார் வேறு சொல்கிறார். இந்த சீசனில் ஐந்தருவிக்கு அடியில் நின்றாள், காய்ச்சாத தண்ணீரில். அந்த ஒற்றைச் செருப்பு லாட்ஜில் மாடிப்படி அறையில் இருக்கிறது. அவள் கால் வளர்ந்துவிட்டது என்று சொன்னேன். "ஜோடி வரட்டும் தாயி, கடலு ஒண்ணையும் வச்சுக்கிடாது" என்கிறார் அண்ணாச்சி.

மறுபடியும் தை வரப்போகிறது. அண்ணாச்சி பேர் கேட்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், "நான் மட்டும் வாரேன் தாத்தா. அம்மா வராண்டாம், அவ பயப்படுவா" என்றாள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். தனியாக எப்படி விடுவது என்று கேட்டேன்.

"விட்டுட்டுப் போற எதையாவது நான் தொலைச்சிருக்கேனா?" என்றார்.

இல்லை. தொலைத்ததில்லை. அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். பிள்ளை வளர்த்து அனுபவமுள்ள வாசகர்கள் சொல்லுங்கள், இந்த முறை அவளைத் தனியாக அனுப்பலாமா? கடல் ஏறும் நேரத்தை இந்தத் தடவை முன்கூட்டியே விசாரித்து வைத்துவிட்டேன். வள்ளக்காரரிடமும் பேசிவிட்டேன். ஆனால் அண்ணாச்சி இப்போது முழங்காலில் பெல்ட் போட்டுத்தான் நடக்கிறார், குனிந்தால் நிமிர நேரமாகிறது. கடைசி ஆளாகத்தான் ஏறுவேன் என்று இந்த வருடமும் நிற்பார். அவரை முதல் நடையிலேயே வள்ளத்தில் ஏற்றுவதற்கு யாருக்காவது ஒரு வழி தெரிந்தால், தயவுசெய்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.